முள்ளெலிக்கு இடம் பார்த்தவள்

முதல் குட்டியைக் கொடுக்கும்போது ஹுல்காருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை இருந்தது. அதைச் சூப்பு வைத்துக் குடித்துவிட்டார்கள்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே குடித்தார்கள். கார் ஓட்டிக்கொண்டு வந்தவள், தோல் கையுறை போட்டவள், கூண்டுக்குள் எட்டிப் பார்த்ததும் "அய்யோ என் செல்லமே" என்று உருகியவள், சில வாரம் கழித்துப் போன் செய்தாள். "அக்கா, இன்னொண்ணு கிடைக்குமா? போன தடவை குடுத்தது எலும்பும் தோலுமா இருந்துச்சு, கறியே இல்ல. ஆனா பையனுக்கு இருமல் பாதி விட்டுடுச்சு. அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்."

ஹுல்கார் போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்று தைத்த திரைச்சீலை ஒன்றுகூட நேராக வரவில்லை.

முள்ளெலி வளர்க்க வேண்டும் என்று அவள் கனவு கண்டவளும் இல்லை. மேல் மாடி லூதா, மகனோடு இருக்க சமாராவுக்குக் குடிபெயர்ந்தபோது தன் ஜோடி முள்ளெலிகளையும் கூண்டுகளையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஆப்பிரிக்கச் சாதி, குளிர் ஆகாது, பகலெல்லாம் தூங்கும். இரண்டையும் தனித்தனியே வைக்கச் சொல்லியிருந்தாள் லூதா. பாவமாக இருக்கிறதே என்று ஒரு நாள் சேர்த்து விட்டதன் பலன், மூன்று குட்டிகள். ஐம்பத்தாறு வயதில், சிலன்ஸார் பகுதியில் ஓர் இரண்டறை அடுக்குமாடி வீட்டில், திரை தைத்துப் பிழைக்கும் விதவை முள்ளெலி வியாபாரி ஆகிவிட்டாள். "பிள்ளை குட்டி இல்லாத குறைக்கு இப்ப குட்டி போட்டிருக்கா" என்று மாடிப்படியில் யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. விழ வேண்டும் என்றுதானே அதைச் சொன்னார்கள்!

சூப்புக் கதையைக் கேட்ட எதிர்வீட்டு மஸ்தூரா தலையில் அடித்துக்கொண்டாள். மஸ்தூரா சொந்தத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடித்து வைத்தவள். யார் வீட்டுப் பெண் ரொட்டியை மரியாதையில்லாமல் கவிழ்த்து வைக்கிறாள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

"காரைப் பார்த்துக் குடுத்தியா? கையுறையைப் பார்த்துக் குடுத்தியா? பொண்ணைக் கட்டிக் குடுக்கிறப்ப என்ன செய்வோம்? அந்த வீட்டுக்காரங்கிட்டயே போய் 'நீங்க நல்லவங்களா'ன்னு கேட்போமா? அக்கம்பக்கத்துல விசாரிப்போம்ல. ரொட்டி சுடுறவகிட்ட கேளு. தெரு பெருக்குறவகிட்ட கேளு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, எதுக்குக் கேட்கறேன்னு மட்டும் சொல்லிடாதே. சொன்னா அப்புறம் எல்லாப் பயலும் உத்தமன்தான்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஹுல்கார் அன்றிலிருந்து ஒருவரையும் நம்பவில்லை. டெலிகிராமில் அவள் போட்ட விளம்பரத்தைப் பார்த்து "எவ்வளவு எடை?" என்று கேட்டவனை அந்த நிமிடமே தடுத்துப் போட்டாள். "பிள்ளையோட பிறந்தநாளுக்கு" என்றவளிடம், "பிறந்தநாளுக்கு மறுநாள் என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டாவது குட்டியை, ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்கு, அவர்கள் தெருவில் மூன்று பேரிடம் விசாரித்த பிறகே கொடுத்தாள். அந்த வீட்டில் கிழவரையும் கிழவியையும் தவிர யாரும் இல்லாததால், யார் எதற்கு விசாரிக்கிறார்கள் என்று தெருவும் கவலைப்படவில்லை. மஸ்தூராவின் முறை பலித்துவிட்டது என்று ஹுல்கார் நினைத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது ஓர் ஆண் குட்டி, மூன்றிலும் சின்னது. வளர்ந்த ஆண் குட்டியைத் தாயோடு விட்டு வைக்கக் கூடாது, தகப்பனோடு போட்டால் கடித்துக் குதறிவிடும், இன்னொரு கூண்டுக்கு வீட்டில் இடம் இல்லை. எங்கேயாவது போயே ஆக வேண்டும். அப்போதுதான் தில்ரபோ என்று ஒரு பெண் எழுதினாள்.

அவள் கேட்ட கேள்விகளே சரியில்லை. அது சத்தம் போடுமா? வாடை வருமா? கதவைச் சாத்தி வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? உதிர்கிற முட்களை எங்கே போடுவது? கடைசியில், வீட்டுக்கு வர வேண்டாம், தான் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று வேறு எழுதியிருந்தாள்.

"முள்ளெலி வாங்குறாளா, கள்ளச் சாராயம் வாங்குறாளா?" என்று ஹுல்கார் போனைப் பார்த்தே கேட்டாள். இருந்தாலும் அந்தப் பெண்ணின் ஒரு கேள்வி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி அது விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் அதற்குப் பிடிக்குமா என்று கேட்டிருந்தாள். சூப்பு வைக்கிறவள் அப்படிக் கேட்பாளா? கேட்டாலும் கேட்பாள். கையுறைக்காரியும் செல்லமே என்றுதானே சொன்னாள். ஹுல்கார் நைசாகப் பேசி முகவரியை வாங்கினாள். செப்ஸார் பக்கம், பழைய நகரத்துச் சந்து.

சந்து முனையில் சுலைகோ என்கிற ரொட்டிக்காரியின் தந்தூர் அடுப்பு. தலையில் முக்காடு, முழங்கை வரை துணி சுற்றிய கை, வாய்க்கு மட்டும் எந்தக் கட்டும் இல்லை. ஹுல்கார் ஒரு ரொட்டியை வாங்கி, அதன் சூடு ஆறுகிற வரைக்கும் நின்று பேச்சுக் கொடுத்தாள்.

"அந்த நீலக் கதவு வீட்டுல யாரு இருக்காங்க?"

சுலைகோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சுத்தமான காலணி, நல்ல கோட்டு, ஐம்பது தாண்டிய பெண். புரிந்துகொண்டவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "ராபியாவும் அவ பொண்ணும். தகப்பன் போய்ச் சேர்ந்துட்டாரு. பொண்ணு பாலிகிளினிக்ல ரத்தம் பரிசோதிக்கிறா. தங்கமான பொண்ணு."

"கோபம் வருமா?"

"அவளுக்கா? ஈயைக்கூட ஜன்னலைத் திறந்துதான் அனுப்புவா."

"வீட்டுல பூனை, நாய்?"

இப்படி ஒரு கேள்வி சுலைகோவின் காதில் இதுவரை விழுந்ததில்லை. ஆனாலும் காலம் மாறிவிட்டது, ஆஸ்துமாவோ என்னவோ என்று நினைத்துப் பதில் சொன்னாள். "ராபியா விட மாட்டா. பூனை வளர்க்கிற பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு சொல்லுவா. முப்பத்திமூணு ஆயிடுச்சு பாவம். ஒரு தடவை பேசி முடிச்சு, அந்தப் பக்கம் கைவிட்டுட்டாங்க. ஆனா குத்தம் பொண்ணு மேல இல்ல. எழுதிக் குடுக்கவா?"

அதுவா ஹுல்காரின் காதில் ஏறியது? ராபியாவுக்கு மிருகம் ஆகாது என்பது மட்டும் ஏறியது. அதனால்தான் ஒளித்து வைக்கப் பார்க்கிறாள். ஒளித்து வைக்கிற பொருளைக் கண்டுபிடித்தால் அம்மாக்காரி என்ன செய்வாள்? துடைப்பத்தால் தெருவில் தள்ளுவாள். இந்த ஊர்க் குளிர் லேசுப்பட்ட குளிரா? ஒரே ராத்திரியில் குட்டி விறைத்துப் போகும். வீட்டை நேரில் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் கணப்பு எப்படி என்பதையும் கேட்டுக்கொண்டு கிளம்பினாள். முதுகுக்குப் பின்னால் சுலைகோவுக்கு, வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் போனாள். குட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கைப்பையில் வைத்திருந்தாள். வீடு பிடித்தால் கொடுப்பது, பிடிக்காவிட்டால் முகவரி தவறி வந்தேன் என்று திரும்பிவிடுவது. அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லையே என்று சுலைகோவிடம் நின்று இரண்டு ரொட்டி வாங்கினாள். சுலைகோ தானாகவே எள் தூவிய நல்ல ரொட்டியாகப் பார்த்து எடுத்து, புதுத் துணியில் கட்டிக் கொடுத்தாள். ஹுல்கார் நீலக் கதவை அடைவதற்குள் சுவருக்கு மேலே ஒரு சீழ்க்கையும், உள்ளே யாரோ தட்டுகளை எடுக்கிற சத்தமும் கேட்டன.

கதவுக்கு முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ராபியா தானே வந்து திறந்தாள். இரண்டு கையாலும் ஹுல்காரின் தோளைப் பிடித்து, உடம்பு எப்படி, வீட்டில் எல்லோரும் எப்படி, வழி சிரமமில்லையே என்று மூச்சு விடாமல் கேட்டாள். வாசலுக்கு எட்டத்தில், மதிப்பான விருந்தாளிக்கு உரிய இடத்தில், இரட்டை மெத்தை மேல் உட்கார வைத்தாள். விரிப்பு நிறைய பாதாம், திராட்சை, அல்வா, பூசணிக்காய் சம்சா, வெட்டி அடுக்கிய சீமை மாதுளை.

ஹுல்காருக்குச் சந்தேகம் தலைக்கேறியது. முன்பின் தெரியாதவளுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? எதை மறைக்கிறார்கள்? அடுப்படியிலிருந்து இறைச்சி வேகிற வாசனை வேறு.

"அடுப்புல என்ன கறி?" என்று கேட்டே விட்டாள்.

"ஆட்டுக்கறிதான் அக்கா. பொண்ணு கைப்பக்குவம். நீங்களே சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்க." ராபியாவின் முகம் மலர்ந்தது. கைப்பக்குவத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்றால் காரியம் பாதி முடிந்த மாதிரி.

தில்ரபோ தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். மெலிந்த பெண், தலை குனிந்திருந்தது. அம்மா கட்டிவிட்ட பட்டு முக்காடு நெற்றியில் வழுக்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தேநீர். பெரிய விருந்தாளிக்கு அப்படித்தான் ஊற்ற வேண்டும். ஹுல்கார் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுமையான கை.

ராபியா, துணியில் கட்டியிருந்த இரண்டு ரொட்டியையும் எடுத்து ஹுல்காருக்கு முன்னால் வைத்தாள். பிய்க்கவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "பையன் என்ன வேலை பார்க்கிறாரு அக்கா?" என்றாள்.

"எந்தப் பையன்?"

கேட்ட பிறகுதான் ஹுல்கார் அந்த ரொட்டிகளைப் பார்த்தாள். புதுத் துணி, இரண்டு ரொட்டி, பிய்க்காமல், பெண் கேட்டு வந்தவளுக்கு முன்னால். எத்தனை வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! இந்த ரொட்டியைப் பிய்த்தால் பேச்சு முடிந்தது, பெண் உன் வீட்டுப் பெண். சுலைகோவிடம் தான் கேட்ட கேள்வியெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தெருவுக்குள் வந்து ஒரு பெண்ணைப் பற்றி ஒருத்தி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. குட்டி, குட்டி, குட்டி என்று குட்டியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பை சீறியது.

"பையில என்ன?" என்றாள் ராபியா.

தில்ரபோ நிமிர்ந்தாள். முதலில் பையை, பிறகு ஹுல்காரைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீங்க... சிலன்ஸார்லேருந்து வந்தவங்களா?" என்றாள் மெல்ல.

இனி மறைத்து என்ன பயன்? ஹுல்கார் பெட்டியை எடுத்து விரிப்பின் ஓரத்தில் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். சூப்பையும் சொன்னாள். "நான் பொண்ணு கேட்டு வரல ராபியா. எனக்குப் பையனே இல்ல. குழந்தையே இல்ல. இந்தக் குட்டிக்கு ஒரு நல்ல வீடு பார்க்கத்தான் வந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

ராபியா பெட்டியை உற்றுப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

"ஒரு எலிக்கு! ஒரு எலிக்கு இடம் பார்க்கவா என் பொண்ணு பேரைத் தெருத்தெருவா கேட்டே? கோபம் வருமா, வீடு எப்படின்னு... சுலைகோ வந்து சொன்னதிலேருந்து நான் தூங்கல. கதவுக்கு வர்ணம் அடிச்சேன். தினமும் விரிப்பைப் போட்டு, தினமும் எடுத்து, இன்னிக்கு வருவாங்களா நாளைக்கு வருவாங்களான்னு..." அவள் குரல் உடைந்தது. "நீ நல்லாருப்பியா?"

"அம்மா, போதும்" என்றாள் தில்ரபோ.

"என்னடி போதும்? நாளைக்கு ஊர் என்ன பேசும்? விசாரிக்க வந்தாங்க, வீட்டுக்கும் வந்தாங்க, போனவங்க திரும்பி வரல. ஏதோ தெரிஞ்சிருக்கு, அதான் வரலன்னு பேசும். ஒரு தடவை கைவிட்டுப் போனதுக்கே எத்தனை வருஷம் பேசினாங்க! இனிமே இந்த வாசலை யாராவது மிதிப்பாங்களா?"

ராபியா சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. சந்தேகப்படுவதைச் சாமர்த்தியம் என்று ஹுல்கார் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாமர்த்தியத்தின் செலவை யாரோ ஒரு பெண் கட்டப் போகிறாள்.

தில்ரபோ இதற்குள் பெட்டியின் மூடியைத் திறந்திருந்தாள். குட்டி சுருண்டு உருண்டையாகக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கையை விரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ராபியாவின் அழுகைக்கு நடுவிலும் ஹுல்கார் இதைக் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்கு வெளியே வந்து, அவள் விரலை மோந்து பார்த்தது. தில்ரபோவின் முகத்தில் ஒரு சிரிப்பு; இந்த ஒரு மணி நேரத்தில் அவள் முகம் முகமாக இருந்தது அப்போதுதான்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வராது சித்தி" என்றாள். "விழிச்சிருக்கிற இன்னொண்ணு கூட இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன். அவ்வளவுதான்." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, அவங்க திரும்ப வரட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை, நாலு பேர் பார்க்க. வந்ததும் நாம வேண்டாம்னு சொல்லிடலாம்."

ராபியா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். "நாமளா?"

"நாமதான். நமக்குப் பிடிக்கல. திருப்பி அனுப்பிட்டோம்."

ராபியா அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திருப்பி அனுப்பிட்டோம். அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. ஹுல்காரின் பக்கம் திரும்பி, விரலை நீட்டினாள். "வருவே. நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு வருவே. தெருவுல எல்லாருக்கும் ஸலாம் சொல்லிட்டு வருவே. அதுவரைக்கும் இந்த எலி இங்க இருக்கும். நீ வரலேன்னு வை, துடைப்பத்தால வெளிய தள்ளிடுவேன், குளிர்ல விறைச்சுச் சாகட்டும்."

"வருவேன்" என்றாள் ஹுல்கார்.

அந்த வாரம் முழுவதும் ராபியாவின் துடைப்பம்தான் அவள் கனவில். மஸ்தூராவிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை; சொன்னால் சிரித்தே செத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அல்வாவும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். சந்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னாள்.

உள்ளே ராபியா மறுபடி எல்லாவற்றையும் விரித்து வைத்திருந்தாள். நாடகம்தான் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டுக்கறி வெந்திருந்தது, சம்சா சூடாக இருந்தது. தில்ரபோ தன் அறையைத் திறந்து காட்டினாள். ஜன்னலுக்கு எட்டத்தில், கணப்புக்குப் பக்கத்தில், பழைய அலமாரியின் கீழ்த்தட்டில் கம்பளி விரித்திருந்தது. தண்ணீர்ச் சட்டியைச் சாயாமல் இருக்கச் செங்கல்லில் பதித்து, பக்கத்தில் குட்டி ஓடுவதற்கு ஒரு சின்னச் சக்கரமும் வைத்திருந்தாள். ஹுல்கார் கைவிட்டுச் சூடு பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"ராத்திரி என்னமோ சக்கரத்துல ஓடிக்கிட்டே இருக்கு, சனியன்" என்றாள் ராபியா வாசற்படியில் நின்று. "ஒரு நாள் ஓடலேன்னா செத்துப் போச்சோன்னு எழுந்து பார்க்க வேண்டியிருக்கு."

கிளம்புகிற நேரம் வந்தது. ராபியா தெருக்கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். எதிர்வீட்டில் ஒருத்தி தெருவைப் பெருக்க ஆரம்பித்தாள். காலையிலேயே பெருக்கிய தெரு. ராபியா பிய்க்காத ரொட்டிகளைத் துணியோடு எடுத்து, ஹுல்காரின் கையில் வைத்து, தலையை நிமிர்த்திக்கொண்டு சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்களை மதிச்சு வந்தீங்க, சந்தோஷம். ஆனா எங்க பொண்ணு படிச்சவ, வேலைக்குப் போறவ. உங்க இடம் எங்களுக்குச் சரிப்படாது. வருத்தப்படாதீங்க."

அந்தச் சொற்களை அவள் எத்தனை அழகாகச் சொன்னாள்! முப்பத்துமூன்று வயது வரை பெண்ணை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டி, போனவர்களுக்கெல்லாம் தலைகுனிந்து நின்றவள், வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தியை வேண்டாம் என்று சொல்கிறாள். பொய் என்று தெரிந்தும் அவள் குரல் நடுங்கியது. ஹுல்கார் தலையைக் குனிந்துகொண்டாள்.

தந்தூர் அருகே சுலைகோ வழியை மறித்தாள். "என்ன ஆச்சு? ரொட்டி அப்படியே இருக்கே?"

"அவங்களுக்குப் பிடிக்கல."

"அவங்களுக்கா?" சுலைகோவின் கண் நீலக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "முப்பத்திமூணு வயசுப் பொண்ணு வேண்டாம்னு சொல்லுமா? மறைக்காம சொல்லுங்கக்கா, நீங்கதான் ஏதோ தெரிஞ்சுக்கிட்டுப் பின்வாங்கிட்டீங்க. ராத்திரி விளக்கு எரியுது அந்தப் பொண்ணு அறையில, நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்..."

"இல்ல" என்றாள் ஹுல்கார் அவசரமாக. "குறை எங்க பக்கம்."

"என்ன குறை? பையன் பேரென்ன?"

அதை அவள் யோசித்து வைக்கவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது.

"எல்யோர்."

கல்யாணமான வருஷம், பையன் பிறந்தால் வைப்பதற்கென்று அவளும் புருஷனும் பேசி வைத்த பெயர். புருஷனும் போய்விட்டான். வெளி ஆள் காதில் அந்தப் பெயர் விழுவது இதுதான் முதல் தடவை.

"நல்ல பேரு" என்றாள் சுலைகோ. "குடிப்பானோ?"

ஹுல்கார் நீலக் கதவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியின் துடைப்பம் நின்றிருந்தது.

"குடிப்பான்."

"கை நீட்டுவானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் குறை சந்துக்குள் திரும்பிப் போய், அந்தப் பெண்ணின் தலையில் உட்காரும்.

"நீட்டுவான்" என்றாள். "முதல் பொண்டாட்டி அதனாலதான் போயிட்டா. இவங்க எப்படியோ விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க."

சுலைகோ ஓரடி பின்வாங்கினாள். நல்ல கோட்டை, சுத்தமான காலணியை, மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி! அப்படிப்பட்டவனுக்கா எங்க தில்ரபோவைக் கேட்டு வந்தே? பெத்தவ நீ, நாலு நல்லது சொல்லி வளர்த்திருக்க வேண்டாமா?"

"வளர்த்திருக்கணும்" என்றாள் ஹுல்கார். கண்ணீர் தானாக வந்தது. சுலைகோ அதைப் பார்த்து, ஒரு தாயின் அவமானம் என்று நினைத்து, கொஞ்சம் இரங்கி வழிவிட்டாள். ஹுல்கார் ரொட்டி மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.